நடுக் கட்டம்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கள் நகரசபைக் கட்டடத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேனோ என்று திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் போய்விட்டது. எதிர்ச்சாரியில் என் ஜெராக்ஸ் கடை இருந்தது. கடை வாசலில் வழக்கமாகப் படுத்திருக்கும் நாயும் இருந்தது. ஆக, ஊர் சரிதான், கட்டடம்தான் மாறியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் தலைநகரத்துக்குப் பயிற்சி வகுப்புக்குக் கிளம்பும்போது, பாசி படிந்து, முன்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்போடு நின்ற கட்டடம் அது. இப்போது, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, குளித்து முழுகிப் பவுடர் போட்டுக்கொண்டு நிற்கிறது. வெள்ளை என்றால் கண் கூசும் வெள்ளை. ஜன்னல்களுக்கு நீலம். வாசல்படியின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு மூன்றாக ஆறு நீலப் பூந்தொட்டிகள். அவற்றில் இருந்த செடிகளில் இரண்டு எங்கள் வீட்டு மாடியிலிருந்து வந்தவை.

கேட்டுக்கு வெளியே என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் தொழில் பெயிண்டர். காது மடலில் வெள்ளை, புருவத்தில் வெள்ளை, சட்டைப் பையில் நீலம். என்னைப் பார்த்ததும் பையை வாங்கிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் கையைக் கட்டிக்கொண்டு கட்டடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்த முகத்தை இதற்கு முன் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். எங்கள் மகள் பிறந்தபோது ஒரு தடவை, நான் தேர்தலில் பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தபோது ஒரு தடவை. திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"நல்லா இருக்கு" என்றேன்.

"ரெண்டே நாள்! உறுப்பினருங்க எல்லாரும் கைக்காசு போட்டாங்க. எதிர்க்கட்சிக்காரரு, அந்த வெளிநடப்பு அண்ணன்கூட உப்புத்தாளைப் பிடிச்சிக்கிட்டுச் சுவரைத் தேச்சாரு, பாத்துக்க. பெரிய அதிகாரி வர்றாருல்ல, அவரு முன்னாடி உனக்கு ஒரு தலைகுனிவு வந்துடக் கூடாதுன்னு..." கொஞ்சம் தயங்கினார். "நீ ஊர்ல இல்லாதப்ப உள்ள போனது கணக்குல வராதுல்ல?"

"வராது."

"அப்ப நீ போய்ப் பாரு. மேல ஹாலை முதல்ல பாரு. நான் இங்கயே நிக்கறேன்."

அவர் ஏன் கேட்டுக்கு வெளியே நின்றார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு முன்னால் இந்த நகரசபைக்கு இரண்டு பெண்கள் தலைவியாக இருந்தார்கள். இரண்டு பேருக்கும் பதிலாக அவரவர் வீட்டுக்காரர்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "கையெழுத்து அம்மாவோடது, கட்டளை ஐயாவோடது" என்று ஊரில் ஒரு கிண்டலே உண்டு. நான் பதவியேற்ற அன்றைக்குக் காலையில் தலை வாரிக்கொண்டே அவரிடம் சொன்னேன், "நீங்க அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது. ஆபீஸ் விஷயம் எதையும் நான் வீட்ல பேச மாட்டேன். நீங்களும் கேக்கக் கூடாது." அவர் "சரி" என்றார். அவ்வளவுதான். மூன்று வருடமாக மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கேட் கம்பிக்கு மேலாகக் காவலாளியிடம் நீட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். மழை பெய்தாலும் ஒரு எட்டு உள்ளே வைத்ததில்லை. அதில் எனக்குப் பெருமை. கொஞ்சம் கர்வம் என்றே சொல்லலாம்.

அந்தக் கர்வத்துக்குத்தான் இப்போது நாற்பது லட்சம் விலை.

விஷயம் இதுதான். கட்டட மேம்பாட்டு நிதி என்று மேலிடத்தில் ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் போட்டால் ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். அவர் கையில் இருக்கும் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டங்கள். முதல் கட்டம், 'நல்ல நிலை'. அதில் டிக் போட்டால் பணம் கிடையாது, நன்றாக இருக்கும் கட்டடத்துக்கு எதற்குப் பணம்? மூன்றாவது கட்டம், 'பயன்படுத்தத் தகாத நிலை'. அதில் போட்டாலும் பணம் கிடையாது, கட்டடத்தைப் பூட்டிவிட்டு எங்கள் ஊரைப் பக்கத்துப் பெரிய ஊரோடு சேர்த்துவிடுவார்கள். நடுக் கட்டம் ஒன்றுதான் வழி. 'சீரமைக்கத்தக்க நிலை'. அதில் டிக் விழுந்தால் நாற்பது லட்சம்.

கிடைக்காவிட்டால் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்றும் இல்லை. பொறியாளர் கடைசியாக வந்தபோது, வரும் மழைக்காலம் வரைக்கும்தான் பாதுகாப்புச் சான்று தருவேன், அதற்கு மேல் என் கை நீளாது என்று சொல்லிவிட்டார். சான்று இல்லாவிட்டால் ஆபீஸும் இல்லை. அப்புறம் பிறப்புச் சான்றிதழ், குழாய் இணைப்பு, வீட்டு வரி எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். ஒரு மணி நேரம்தானே என்று தலைநகரத்தில் சொல்வார்கள். ஜெராக்ஸ் கடைக்காரியான எனக்கல்லவா தெரியும்? எங்கள் ஊரில் யாரும் எல்லாக் காகிதத்தையும் ஒரே தடவையில் கொண்டு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுக்க வீட்டுக்குப் போய், மூன்றாவதற்காக மறுநாள் வருவார்கள். ஒரு சான்றிதழுக்கு நான்கு நாள் கூலி போய்விடும்.

இத்தனையும் அவருக்குத் தெரியாது. நான்தான் சொல்லவில்லையே.

உள்ளே பெரிய கிளார்க் புதுச் சட்டையில் இருந்தார். அவரை என் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். கதவு ஒட்டியது, இன்னும் காயவில்லை.

"இந்தப் படிவத்துல மூணு கட்டம் இருக்கறது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் மேடம். விண்ணப்பத்தை எழுதினதே நான்தானே. 'மழைநீர் கசிந்து, காரை பெயர்ந்து, கம்பிகள் துருவேறி'ன்னு நாலு பக்கம் எழுதினேன்." அதை எழுதிய பெருமை குரலில் இருந்தது.

"அப்புறம் எப்படி இதுக்குச் சம்மதிச்சீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதறது வேற மேடம். ஒரு வெளியூர்க்காரரு நேர்ல வந்து, மேலயும் கீழயும் பாத்து, இதுதான் உங்க லட்சணமான்னு மனசுக்குள்ள நினைச்சாருன்னா? அதை யாரு தாங்கறது? உங்க வீட்டு ஐயா வேற, உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும், போன்ல சொல்லாதீங்கன்னாரு."

"ஆச்சரியமாத்தான் இருக்கு. பக்கெட்டெல்லாம் எங்க?"

எங்கள் சபைக் கூடத்தில் ஒழுகும் இடங்கள் ஆறு. ஆறுக்கும் ஆறு பக்கெட். எது எங்கே வைக்கப்பட வேண்டும் என்று ஒவ்வொன்றின் அடியிலும் கிளார்க்கே எழுதி வைத்திருந்தார். மழைக்காலக் கூட்டங்களில் முதலில் பக்கெட்டுகளுக்கு இடம் ஒதுக்கிவிட்டு மிச்ச இடத்தில்தான் உறுப்பினர்கள் உட்காருவோம். கிளார்க் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆறு நீலப் பூந்தொட்டிகள்.

ஊர் கூடி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தது. அதையும் சும்மா மறைக்கவில்லை, நேர்த்தியாக மறைத்திருந்தது. மாடி ஹாலுக்குப் போய் நான் வெடிப்புகளைத் தேடினேன். மூன்று வருடமாக என் நாற்காலிக்குப் பின்சுவரில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான வெடிப்பு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கையால் தடவினேன். வழுவழுவென்று இருந்தது. விரல் முட்டியால் தட்டினேன், முட்டிதான் வலித்தது. ஒரு பொட்டுக் காரை உதிரவில்லை. அரைகுறை ஆளைக் கட்டியிருந்தால் இந்நேரம் நான்கு இடத்தில் பெயர்ந்திருக்கும். நல்ல வேலைக்காரனைக் கட்டிக்கொண்டதற்காக அன்றைக்குத்தான் முதன்முதலாக வருத்தப்பட்டேன்.

அதிகாரி பதினோரு மணிக்குச் சரியாக வந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று எழுத, ஒன்று முதல் பேனா எழுதாவிட்டால் எழுத. வாசலில் பூந்தொட்டிகளைப் பார்த்துப் புன்னகை செய்தார். 

"சார், ஒண்ணு சொல்லிடறேன். இந்தப் பெயிண்ட் நேத்துதான் அடிச்சது. உள்ள நிலைமை வேற" என்றேன். விண்ணப்பத்துக்காக எடுத்து வைத்திருந்த பழைய போட்டோக்களை நீட்டினேன்.

அவர் மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்க மேடம். போன வருஷம் மூணு ஊர்லருந்து ஒரே போட்டோ வந்துச்சு. அதுலருந்து நான் கண்ணால பாத்ததை மட்டும்தான் எழுதறது. காதால கேட்டதையும் எழுதறதில்ல, காகிதத்துல பாத்ததையும் எழுதறதில்ல."

கண்ணால் பார்ப்பதற்கு நாங்கள் எதைத்தான் விட்டுவைத்திருந்தோம்? வரி கட்டும் இடத்தைப் பார்த்தார், பளிச்சென்று இருந்தது. பதிவேட்டு அறையைப் பார்த்தார். பூஞ்சை பிடித்த சுவருக்கு முன்னால் அலமாரியை நகர்த்தி, அலமாரிக்கு மேலே ஒரு பூச்சாடி வைத்திருந்தார்கள். பார்த்தது போதாதென்று காதால் கேட்பதற்கும் ஆள் இருந்தது. மாடிப்படி ஏறும்போது எதிர்க்கட்சி உறுப்பினர் வந்து சேர்ந்துகொண்டார். அவருக்கு ஊரில் வெளிநடப்பு என்று பெயர். கூட்டம் தவறாமல் எழுந்து, "ஒழுகுகிற சபையில் உட்கார என் தன்மானம் இடம் தரவில்லை" என்று முழங்கிவிட்டு வெளிநடப்புச் செய்வார். டீ வரும் நேரத்துக்குத் தன்மானத்தைச் சமாதானம் செய்துவிட்டுத் திரும்ப வந்துவிடுவார். இந்த ஒரு மனிதராவது உண்மையைச் சொல்வார் என்று நான் நம்பினேன்.

"மழைக்காலத்துல மேல ஒழுகுமா?" என்று அதிகாரி அவரைக் கேட்டார்.

"ஒழுகறதா? இங்கயா?" வெளிநடப்புக்கு அந்தக் கேள்வியே அவமானமாக இருந்தது. "ஒரு சொட்டு விழுந்தா நான் மீசையை எடுத்துடறேன் சார்."

நான் அவருடைய முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். "ஏண்ணே, மூணு வருஷமா தொண்டை கிழியக் கத்தினீங்களே, அது என்ன?"

"அது அரசியல்மா" என்று அவர் கிசுகிசுத்தார். "இது ஊர் மானம்."

மாடி ஹாலில் மற்ற உறுப்பினர்களும் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் முகத்திலும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் பெற்றோரின் பதற்றமும் பெருமையும். அதிகாரி நடு ஹாலில் நின்று நிதானமாக ஒரு சுற்றுத் திரும்பினார். கூரையைப் பார்த்தார், நான்கு மூலைகளையும் பார்த்தார். ஒரு சுவரில் சாய்ந்து நின்று படிவத்தைப் பிரித்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். பேனா மூடியைக் கழற்றினார். நான் நின்ற இடத்திலிருந்து முதல் கட்டம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"சொல்லாம இருக்க முடியல மேடம். எங்க தலைமை ஆபீஸ்ல எட்டு மாசம் வேலை நடந்துச்சு, அங்ககூட இவ்வளவு சுத்தமா இல்ல. யாரு பண்ணினது?"

"எங்க வீட்டுக்காரர்தான்" என்றேன்.

"இருக்காரா? பாக்கலாமா?"

காவலாளி கூப்பிடப் போனார். தனியாகத் திரும்பி வந்தார். "வர மாட்டேங்கறாருங்கம்மா. நீங்க சொன்னாத்தான் வருவாராம்."

உறுப்பினர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜன்னலுக்குப் போனேன். கீழே, கேட்டுக்கு அந்தப் பக்கம், வெயிலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நின்ற இடத்தில் நிழல் இல்லை. மூன்று வருடமாக டப்பாவோடு அவர் நிற்கும் இடத்தில் நிழல் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஏங்க, உள்ள வாங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

அவர் படியேறி வந்தார். அதிகாரி கையைக் குலுக்கினார். "பிரமாதமான வேலை. இந்த ஃபினிஷிங் எல்லாம் இப்ப யாருக்கு வருது?" என்றார். என் வீட்டுக்காரருக்கு இது புதுசு. முப்பது வருடமாக எத்தனையோ பேர் வீட்டுக்கு அடித்திருக்கிறார், வேலை முடிந்ததும் கறையைக் காட்டிக் கூலியைக் குறைத்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, பாராட்டைப் பகிர்ந்துகொள்ள என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் ஹாலில் எல்லோருக்கும் கேட்டது.

இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? "கட்டடம் மோசமா இருந்தாத்தான் ரிப்பேருக்குப் பணம் தருவாங்க. நல்லா இருக்குன்னு சார் எழுதிட்டா ஒண்ணும் கிடையாது. மழை வந்ததும் ஆபீஸை மூடிடுவாங்க" என்றேன்.

"இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?"

"ஆபீஸ் விஷயம் வீட்ல பேச மாட்டேன்னு சொன்னேன்ல."

அவர் தலையை ஆட்டினார். அது கோபமா வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். சாகும்வரை நான் மறக்க மாட்டேன், அந்த மனிதர் தன் வேலையை ஒரு தடவை முழுசாக, மூலைக்கு மூலை, ஆசை தீரப் பார்த்துக்கொண்டார். பிறகு இடுப்பின் பின்பக்கம் செருகியிருந்த, பட்டி பூசும் தகட்டை உருவினார்.

"சார், கொஞ்சம் இப்படித் தள்ளி நில்லுங்க."

என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் போனார். தேடவில்லை, தடவவில்லை. எந்த இடம் என்று அவருக்குத்தான் தெரியுமே. தகட்டின் முனையை வைத்து உள்ளங்கையால் ஒரே தட்டு. வெள்ளைப் பூச்சும் பட்டியும் அதற்குப் பின்னால் இருந்த காரையும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெயர்ந்து தரையில் விழுந்து உடைந்தன. உள்ளே ஈரம் ஊறிய செங்கல், துருப்பிடித்து உப்பிய இரண்டு கம்பிகள். 

"வேலை நல்ல வேலைதான் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.  "சுவர்தான் பொய் சொல்லுது."

அதிகாரி கிட்டே போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய துருவைப் பார்த்தார். "இந்த மாதிரி இன்னும் இருக்கா?" என்றார்.

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. "இருக்காவா? என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க!" என்று வெளிநடப்பு முன்னால் பாய்ந்தார். ஊர் மானம் ஒரு நொடியில் கட்சி மாறியது. "இங்க வாங்க, கழிப்பறையைப் பாருங்க, கதவைத் திறந்தா சுவரும் சேந்து வருது!" இன்னொருவர் அதிகாரியின் அடுத்த கையைப் பிடித்து மொட்டை மாடிப் படிக்கு இழுத்தார். கிளார்க் கீழே ஓடிப்போய், செடிகளைப் பிடுங்கி வாசலில் போட்டுவிட்டு, ஆறு நீலப் பக்கெட்டுகளையும் கை கொள்ளாமல் தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார். "ஒன்று, தலைவர் நாற்காலி. இரண்டு, தலைவர் நாற்காலிக்கு இடப்பக்கம். மூன்று, எதிர்க்கட்சி." காலையில் போட்டி போட்டுக்கொண்டு மறைத்தவர்கள் இப்போது போட்டி போட்டுக்கொண்டு காட்டினார்கள். யார் காட்டும் ஓட்டை பெரியது என்பதில் சண்டையே வந்துவிடும் போலிருந்தது. "எந்த நிமிஷம் தலையில விழும்னு தெரியாது சார், உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கோம்" என்று வெளிநடப்பு சொன்னபோது, அதிகாரி அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். அவருடைய பேனாவும் படிவத்தில் கீழே, மூன்றாவது கட்டத்துப் பக்கமாக நகர்ந்தது.

"போதும்! எல்லாரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவில் என் கடை நாய் குரைத்தது.

அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. இது நிக்குமா?"

"காதால கேட்டதை எழுத மாட்டீங்கன்னு சொன்னீங்களே சார்" என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது.

"இவரு சொல்றதைக் கேக்கறேன் மேடம்" என்றார் அவர்.

என் வீட்டுக்காரர் ஹாலின் ஓரத்துக்குப் போனார். தூணில் கை வைத்தார். குனிந்து தரை ஓரத்தைப் பார்த்தார். "நிக்கும் சார்" என்றார். "எலும்பு நல்லா இருக்கு. அந்தக் காலத்துல ஒழுங்காக் கட்டியிருக்காங்க. மேல தண்ணி தேங்குது, அது உள்ள இறங்குது, அவ்வளவுதான் நோவு. மாடித் தளத்தைத் தண்ணி ஓடற மாதிரி வாட்டம் பாத்துப் போட்டு, இந்தக் கம்பிகளை மாத்தி, காரையைப் புதுசாப் பூசிட்டா இன்னும் நாப்பது வருஷத்துக்கு அசையாது. வெறும் பெயிண்ட் அடிச்சா மட்டும் நிக்காது. அடிச்சவன் நான் சொல்றேன்."

அதிகாரி ஹாலின் நீள அகலத்தைக் கேட்டார். என் வீட்டுக்காரர் அளக்காமலே சொன்னார், இரண்டு கோட் அடித்தவருக்குத் தெரியாதா? அதிகாரி எழுதிக்கொண்டார். மொட்டை மாடியின் அளவைக் கேட்டார், அதையும் எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கடைசிப் பக்கத்தில் ஒரு டிக் போட்டு, படிவத்தை உறையில் வைத்து ஒட்டிவிட்டார். என்ன போட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகுதான். சாய்ந்து நின்ற சுவர் காயாததால் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பட்டையாக வெள்ளை.

"ஒரு மாசத்துல கடிதம் வரும். நடுவுல இன்னொருத்தர் வந்து சரிபாக்கலாம். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க, இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். முதுகில் பெயிண்ட் இருப்பதை அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று நாங்கள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஜீப் திரும்பிப் போய்விட்டது.

வெளிநடப்பு மீசையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "நல்லாச் சமாளிச்சோம் இல்ல?" என்றார்.

நான் மாடிக்குத் திரும்பியபோது என் வீட்டுக்காரர் மட்டும் ஹாலில் இருந்தார். பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, உடைந்த காரையை அள்ளிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னேன். பார்வையாளர் நாற்காலியில் இன்னொரு செய்தித்தாளை விரித்து, அதன் மேல் உட்கார்ந்தார். சட்டையில் இருக்கும் பெயிண்ட் நாற்காலியில் ஒட்டிவிடக் கூடாதாம். மூன்று வருடத்தில் முதல் முறையாக என் வீட்டுக்காரர் என் ஆபீஸில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டு, எனக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டையையே பார்த்தார்.

"அதை மட்டும் பட்டி போட்டு மூடிடட்டுமா? அரை மணி நேரம்தான்."

"தொடக் கூடாது. சார் சொன்னாருல்ல."

"ஒரு மாசத்துக்கா?"

"ஒரு மாசத்துக்கு."

வேலையைப் பாதியில் விட்டு வந்த பழக்கம் அவருக்குக் கிடையாது. எங்கள் வீட்டில் சுவரில் ஆணி அடித்த இடத்தைக்கூட இரவு சாப்பிடுவதற்குள் பூசிவிட்டுத்தான் தட்டில் கை வைப்பார். அன்றிலிருந்து சாப்பாட்டு டப்பா கேட்டில் நிற்பதில்லை. அவரே மேலே கொண்டு வந்து மேசையில் வைக்கிறார். ஊரில் பழைய கிண்டல் திரும்பக் கிளம்பியது என்று கேள்விப்பட்டேன். கிளம்பட்டும், நாலு நாள் ஓடிவிட்டுத் தானே நிற்கும். சாப்பாட்டு நேரத்தில் நான் அவரிடம் குழாய் இணைப்பு விவகாரம் பேசுகிறேன். அவர் பாதி கேட்கிறார், மீதி நேரம் ஓட்டையைப் பார்க்கிறார்.

அந்த ஓட்டையைத் தாங்க முடியாதவர் அவர் மட்டும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அதன் மேல் ஒரு பெரிய காலண்டர் தொங்கியது. கிளார்க்கைக் கேட்டேன், தேதி பார்க்க வசதியாக இருக்குமே என்றார். கழற்றச் சொன்னேன். அடுத்த நாள் அதே இடத்தில் வெளிநடப்பு தன்னுடைய மாலை போட்ட படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதையும் கழற்றினேன். அதன் பிறகு ஒரு பூச்சாடி வந்தது, ஒரு கடிகாரம் வந்தது, மறுபடியும் காலண்டரே வந்தது. வெளியூரிலிருந்து யாராவது திடீரென்று வந்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

இன்றோடு இருபத்தாறு நாள். கடிதம் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கிளார்க் வாசலுக்கு ஓடுகிறார். மத்தியானம் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, ஹால் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஏதோ லேசாகச் சுரண்டும் சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, என் வீட்டுக்காரர் பட்டி போட்டுத் தொலைத்துவிட்டாரோ என்று கதவைத் தள்ளினேன்.

என் நாற்காலியில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு ஓட்டையை மறைத்திருந்த காலண்டர் கழற்றி மேசையில் வைக்கப்பட்டிருந்தது. கையில் பட்டி இல்லை, உப்புத்தாள்தான் இருந்தது. ஓட்டை அப்படியே இருந்தது, செங்கலும் துருப்பிடித்த கம்பிகளும் தெரிந்தன. அதன் விளிம்பை மட்டும், பிசிறு பிசிறாக நின்ற பட்டியை, விரல் நுனியால் தடவித் தடவித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் எங்க மூடறேன்? ஓட்டைதான், அது ஓட்டையாவே இருக்கட்டும்." திரும்பாமலே பேசினார். "ஆனா ஒழுங்கான ஓட்டையா இருக்கட்டுமே."

கீழே தெருவில் சைக்கிள் மணி அடித்தது. கிளார்க் படியிறங்கி ஓடும் சத்தம் கேட்டது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இடது பக்கம் கொஞ்சம் திருப்தி இல்லை போலிருக்கிறது, மறுபடியும் உப்புத்தாளை வைத்தார். மாவு போல வெள்ளைப் பொடி அவருடைய பாதங்களின் மேலும், என் நாற்காலியின் மேலும், மேசையில் கிடந்த காலண்டரின் மேலும் உதிர்ந்துகொண்டிருந்தது.